களா முள்ளும் அஞ்சலை அக்காவும்

அஞ்சலை அக்கா இறந்துபோன சேதியை என் மாப்பிள்ளை போனில் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "யாரு மாப்ள அடிச்சது?" என்றுதான். அழவில்லை. ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. ஹாலோ பிளாக் அச்சை அப்படியே போட்டுவிட்டு, சிமெண்ட் கையோடு பட்டறை வாசலுக்கு ஓடிவந்து, சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டேன். இதைப் படிக்கிற நம் ஊராட்சிக்காரர்களில் பாதிப்பேர் அதையேதான் கேட்டிருப்பீர்கள். மீதிப்பேர் மண்வெட்டி கிடைக்காதவர்கள்.

"யாரும் அடிக்கல மாமா. கையில இருக்கறத கீழ வைங்க மொதல்ல," என்றார் மாப்பிள்ளை. போனிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. "மணல்மேட்டுல லைனுக்குக் கிளை வெட்ட கரண்ட் ஆபீஸ் ஆளு வந்தாரு. கிளையோட நிக்காம அந்த வீரை மரத்தையே எடுத்துடலாம்னு பார்த்தாரு. இவங்க போயி அவரு நின்ன ஏணியப் புடிச்சு ஆட்டுனாங்க. திட்டிக்கிட்டே இருந்தவங்க, பாதி வார்த்தையில நெஞ்சப் புடிச்சிக்கிட்டு அங்கியே உக்காந்துட்டாங்க. அவருதான் ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கிட்டுப் போனாரு. வழியிலேயே முடிஞ்சிடுச்சு."

அடிதடியிலேயே வாழ்ந்த மனுஷி, கடைசியில் ஒருவர் கையும் படாமல் போய்விட்டார். எனக்கு அது ஏதோ ஏமாற்று வேலை மாதிரி இருந்தது. சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனபோது அந்தக் கரண்ட் ஆபீஸ் தம்பி சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "அந்தத் திட்ட முழுசா திட்டி முடிச்சிருக்கலாமேண்ணா. நான் வாங்கியிருப்பேனே," என்றார். அவருக்கு என்ன சொல்லித் தேற்றுவது? எங்களுக்கெல்லாம் முழுசாகவே கிடைத்திருக்கிறது.

காரியத்தன்று படத்திறப்பில் ரெண்டு வார்த்தை பேசு என்றார்கள். மைக் முன்னால் நின்றதும், இனி அதைப் பிடுங்க அக்கா வரமாட்டார் என்ற நினைப்பு வந்துவிட்டது. பேச்சு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பதினொன்றாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. பிழை இருந்தால் மனதுக்குள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக ரெண்டு வரி. அஞ்சலை அக்கா மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவர். அப்புறம் ரெண்டு தடவை எங்கள் ஊராட்சித் தலைவர். நான் கோவிந்தன், அதே ஊராட்சியில் பள்ளத்தெருவுக்கு வார்டு உறுப்பினர். ஹாலோ பிளாக் பட்டறை வைத்திருக்கிறேன். நான் அறுக்கிற கல் லாரியில் ஏறும்போது முழுக்கல், இறங்கும்போது அரைக்கல் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொறாமையில் சொல்வது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பது பின்னால் வரும்.

எங்களுக்குள் முதல் ரத்தம் கிராம சபையில் சிந்தியது. ரத்தம் என்னுடையது.

பள்ளத்தெரு உப்பளத்துக்குப் பின்னால் இருக்கிற தாழ்வான இடம். மழை பெய்தால் பாத்தித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடும். என் மகள் செல்வி அங்கேதான் குடியிருந்தாள். கைக்குழந்தைக்காரி. ஐப்பசி பிறந்தால் தூளியை ஒரு முழம் மேலே ஏற்றிக் கட்டுவாள். கார்த்திகையில் இன்னும் ஒரு முழம். கட்டிலில் ஏறி நின்றுதான் குழந்தையை எடுக்க வேண்டும். ஊராட்சி, தீர்மானம், திட்டம் எல்லாம் எனக்கு அப்புறம்தான். அந்தத் தூளியைக் கீழே இறக்க வேண்டும். அதற்குத்தான் நான் வார்டு உறுப்பினர் ஆனதே.

அந்த வருஷம் தொகுப்பு வீடு கட்ட உத்தரவு வந்தது. மேடான புறம்போக்கு என்று பார்த்தால் எங்களிடம் மணல்மேடு ஒன்றுதான். அதில் களா, காரை, சூரை, வீரை, தாழை என்று ஆள் நுழைய முடியாத புதர். நடுநடுவே சீமைக்கருவேலம். நான் எழுந்து, "மனுஷன் பெருசா, முள்ளு பெருசா?" என்று கேட்டேன். கை தட்டினார்கள். அக்கா தலைவர் நாற்காலியிலிருந்து, "வீடும் கட்டணும். முள்ளும் இருக்கணும்," என்றார்.

"அப்ப வீட்டத் தூக்கி முள்ளு மேல காயப் போடச் சொல்றியா அக்கா, சேலை மாதிரி?" என்றேன். கூட்டம் சிரித்தது. நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. "வேணும்னா தலைவரம்மாவுக்கு ஒரு புதரப் பட்டா போட்டுக் குடுத்துடலாம். உள்ள போயி குடித்தனம் பண்ணட்டும்," என்றேன்.

அவர் எழுந்ததைப் பார்த்தேன். உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி அவர் கையில் இருந்ததையும் பார்த்தேன். அது வந்ததைப் பார்க்கவில்லை. வாயில் விழுந்தது. முன் பல் ஒன்று என் சட்டைப் பைக்குள்ளேயே விழுந்தது, பத்திரமாக. அதற்குள் பள்ளத்தெரு ஆட்கள் எழுந்துவிட்டார்கள், தலைவர் பக்கம் மேட்டுத்தெரு ஆட்கள் எழுந்துவிட்டார்கள். மைக் கம்பியால் ஒருவனுக்குக் காது கிழிந்தது. டீ கேன் உருண்டு இன்னொருவனுக்குத் தொடை வெந்தது. தீர்மானப் பலகையை எடுத்து யாரோ யார் முதுகிலோ உடைத்தார்கள். கூட்டம் முடிந்ததாக யாரும் அறிவிக்கவில்லை. ஆள் குறைந்து போய் அதுவாக முடிந்தது.

ஸ்டேஷனில் எங்கள் ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "யார் அடிச்சது?" என்றார். எனக்கு வாயில் துண்டு. அக்காவே பதில் சொன்னார்: "யாரும் அடிக்கலீங்க. நாற்காலி வழுக்கிடுச்சு."

"வழுக்கி மேல வந்துச்சா?"

"சில நாற்காலி அப்பிடி இருக்குதுங்க."

நானும் தலையாட்டினேன். எங்கள் சண்டையில் வெளியாட்களுக்கு என்ன வேலை? இன்ஸ்பெக்டர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தப் பெஞ்சில்தான் அக்கா தன் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் கோடு கோடாகத் தழும்பு. உப்பளத்தில் வாங்கியது என்று நான் நினைத்திருந்தேன். "அலை வந்தப்ப வாங்கினது," என்றார். கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் அக்காவும் கூட வேலை பார்த்த ஒரு பெண்ணும் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் ரெண்டு பேரையும் ஒன்றாகத்தான் தூக்கியது. மேட்டருகே வந்தபோது பிரித்துவிட்டது. அக்காவைக் களாப் புதரில் கொண்டுபோய்ச் சொருகியது. முள் முடியைப் பிடித்தது, சேலையைப் பிடித்தது, கையைப் பிடித்தது. தண்ணீர் திரும்பிப் போகும்போது இழுத்த இழுப்பில் சேலை போய்விட்டது, கைத்தோல் பாதி போய்விட்டது. புதர் விடவில்லை.

"அவ?" என்றேன் துண்டுக்குள்ளிருந்து.

"பக்கத்துலியே சவுக்கு வெட்டின மொட்டை நெலம். அவ அந்தப் பக்கம் போனா. ஒடம்புல ஒரு கீறல் இல்ல அவளுக்கு. அப்பிடியேதான் எடுத்தோம், பூ மாதிரி." ரவிக்கைக் கையை இறக்கிவிட்டார். "முள்ளு குத்தினவ நானு. குத்தாதவ அவ. அவ்ளோதாம்பா கணக்கு."

துண்டை மறுபக்கம் மடித்து வாயில் வைத்துக்கொண்டேன். அப்புறம், "எம் பொண்ணு தூளி?" என்று மட்டும் கேட்டேன்.

"ஏம்பா, உம் பொண்ணு தூளி எனக்குத் தெரியாதா? அந்த வீட்டுல போன மழைக்கு முட்டிக்கால் தண்ணியில நின்னவ நான்." அக்கா என் பக்கம் திரும்பினார். "முள்ளு இல்லாத எடத்துல வீட்டக் கட்டு. சீமைக்கருவேலம் நிக்கிற எடம் பூரா எடுத்துக்க, அந்தச் சனியன் எனக்கு வேணாம். களாவும் காரையும் நிக்கிற எடத்துல அதுவே வேலியா இருந்துட்டுப் போவட்டும். வரிசையாத்தான் கட்டணும்னு எவன் சொன்னான்? வீடு இன்னா உப்புப் பாத்தியா?"

அடுத்த கூட்டத்தில் அக்காவின் தீர்மானத்துக்கு நான் கை தூக்கினேன். பல் போனதால் பயந்துவிட்டான் என்றார்கள் பள்ளத்தெருவில். அதுவும் கொஞ்சம் உண்மைதான்.

பி.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஓவர்சியர் ஒருவர் வந்தார். நல்ல பையன், புது ஷூ. அக்கா அவரை மேடு முழுக்க நடக்க வைத்தார். நான் கயிறு பிடித்தேன். "வரிசையா இல்லன்னா லேஅவுட்டுல ஒத்துக்க மாட்டாங்கம்மா," என்றார் ஓவர்சியர். "வரிசைன்னு எங்க எழுதியிருக்குது, காட்டு," என்றார் அக்கா. அவர் கட்டுக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வழிக்கு அகலம் இவ்வளவு வேண்டும் என்றுதான் இருக்கிறது என்றார். "அகலத்தக் குடுத்துடறேன். வளைஞ்சு வளைஞ்சு போவும். ஒங்க ஷூவுக்கு ஒண்ணும் ஆவாது."

கடல் பக்கம் சுடுகாட்டுக்குப் போகிற பழைய ஒற்றையடிப் பாதையையும் அகலமாக்கலாமே என்று ஓவர்சியர் கேட்டார். அதன் ரெண்டு பக்கமும் களா அடர்ந்து நின்றது. அக்கா, "செத்தவங்களுக்கு இன்னாப்பா அவசரம்? ஒத்தையடிப் பாதை போதும்," என்றார். நாங்கள் சிரித்தோம்.

மனைக்கோடு போடும்போதுதான் எங்கள் புத்தி வேலை செய்தது. கோடு போடச் சுண்ணாம்பு வேண்டும். உப்பளத்து ஊரில் காசு கொடுத்து வெள்ளைப் பொடி வாங்குவானா எவனாவது? மண் கலந்த கழிவு உப்பை டிராக்டரில் கொண்டுவந்து, கயிறு பிடித்துக் கோடு கோடாகப் போட்டோம். வெயிலில் மேடே பளபள என்று இருந்தது. எங்களை நாங்களே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கோட்டைக் காணோம். முழுக்க இல்லை. புதர் ஓரமாக வளைந்து போகிற இடங்களில் மட்டும் காணோம். எங்கள் பள்ளத்தெரு ஆட்கள், "மனையச் சின்னதாக்க மேட்டுத்தெருக்காரன் அழிச்சிட்டான்," என்றார்கள். மேட்டுத்தெருக்காரர்கள், "புதர வெட்டி மனையப் பெருசாக்கப் பள்ளத்தெருக்காரன் அழிச்சிட்டான்," என்றார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் அடிதடி உடனே ஆரம்பித்தது.

உப்பளத்து ஆட்கள் சண்டை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: உப்பு வாரும் பலகை ஒன்று உண்டு. நீண்ட மூங்கில் காம்பு, முனையில் குறுக்குப் பலகை. நாளெல்லாம் அதை இழுத்தவன் கைக்கு அது இறகு. அது மண்டையில் விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். என் மாப்பிள்ளைக்கு மணிக்கட்டு முறிந்தது. மேட்டுத்தெரு ஆள் ஒருவருக்குப் புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம். அக்கா யார் பக்கமும் சேராமல் நடுவில் நின்று ரெண்டு பக்கத்தையும் அடித்தார், ரெண்டு பக்கமும் அவரை அடித்தது. நெற்றி கிழிந்து முகம் பாதி சிவப்பு. நான் ஒரு தாழைப் புதரின் மறைவில் நின்று போராடினேன். எதிரி யாரும் அந்தப் பக்கம் வராதது என் குற்றம் இல்லை.

அப்போது புதரை விலக்கிக்கொண்டு ஒரு பசு வந்தது. சண்டையைப் பார்த்தது. அப்புறம் தலையைக் குனிந்து, மிச்சம் இருந்த கோட்டை, ஓவர்சியர் அளந்த நேர்த்தியோடு, நக்கிக்கொண்டே போனது. கோடு வளைந்த இடத்தில் அதுவும் வளைந்தது. ஓங்கிய பலகைகள் ஓங்கினபடி நின்றன. மூக்கு நுனியெல்லாம் வெள்ளையாக எங்களைத் திரும்பிப் பார்த்தது.

அது என் வீட்டுச் செவலை.

எல்லாரும் என்னைத் தேடினார்கள். தாழைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். அக்கா முகத்து ரத்தத்தை முந்தானையால் வழித்துக்கொண்டே, "ஏம்பா கோவிந்தா," என்றார். "புதருக்குப் பட்டா போடலாம்னு சொன்னியே. உம் மாட்டுக்கும் சேர்த்து ஒண்ணு எழுதிடட்டுமா? மனை அளக்குது பாரு."

ரெண்டு ஆட்டோவில் எல்லாரும் ஒன்றாகவே ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையல் போட்ட நர்ஸம்மா எங்களை எந்த ஊர் என்று கேட்கவில்லை. தெரிந்திருந்தது.

இதெல்லாம் எங்களுக்குள் நடந்தது, எனவே சண்டைக் கணக்கில் சேராது. மூன்றாவது விஷயம் அப்படி இல்லை.

வீடு கட்ட எடுத்த கான்ட்ராக்டருக்கு வளைந்த மனை பிடிக்கவில்லை. மேட்டைத் தட்டையாக்கி வரிசையாகக் கட்டினால் அவருக்கு வேலை சுளுவு. புதர் போனால் போகட்டும், அப்புறம் அழகுச்செடி நட்டுக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அக்கா ஒப்பவில்லை. ஒரு நாள் விடிந்தும் விடியாமல் ஜே.சி.பி.யை மேட்டில் ஏற்றிவிட்டார். என் பட்டறைக் கல் இறக்கப் போயிருந்த நான் பார்க்கும்போது, செல்வி மனையை ஒட்டி இருந்த களாப் புதரில் வாளி இறங்கிவிட்டது. ஒரே இழுப்பில் பாதிப் புதர் வேரோடு வந்தது. பிய்ந்த இடமெல்லாம் பால் வடிந்தது. உள்ளே குடியிருந்த கௌதாரி ஒன்று வெளியே விழுந்து இறக்கையை இழுத்துக்கொண்டு ஓடியது.

அக்கா எப்படி வந்தார் என்று தெரியவில்லை. தலை அவிழ்ந்திருந்தது. வண்டிப் படியில் காலை வைத்து ஏறி, டிரைவர் கன்னத்தில் ஒன்று விட்டு, சாவியை உருவி, மிச்சம் இருந்த களாவின் நட்டநடுவில் வீசினார். "போயி எடுத்துக்கடா," என்றார்.

கான்ட்ராக்டரின் ஆள் ஒருவன் இருந்தான், மலை மாதிரி. கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து அக்கா தோளில் இறக்கினான். பச்சைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது. அக்கா கத்தவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்தார்.

நான் தைரியசாலி இல்லை என்பதற்குத் தாழைப் புதர் சாட்சி. ஆனால் அன்றைக்கு என் கை ஒரு ஹாலோ பிளாக்கைத் தூக்கிவிட்டது. ஓடிப்போய் அவன் முதுகில் என் பலம் கொண்ட மட்டும் அடித்தேன். கல் நாலு துண்டாக உடைந்து விழுந்தது. அவன் விழவில்லை. மெதுவாகத் திரும்பி, கீழே கிடந்த துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அடிபட்டவன் பார்வை இல்லை அது. அந்தக் கல்லில் வீடு கட்டப் போகிறவர்களை நினைத்த பார்வை. என் கல்லைப் பற்றி ஊர் பேசியது உண்மை என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். அடுத்த நாளிலிருந்து சிமெண்டைக் கூட்டினேன். அதற்கு முன்னால் அவன் என் விலா எலும்பு ரெண்டை முறித்தான்.

சத்தம் கேட்டுப் பள்ளத்தெரு வந்தது, மேட்டுத்தெரு வந்தது. மணிக்கட்டுக் கட்டோடு என் மாப்பிள்ளை முன்னால் வந்தார். "எங்க தலைவரம்மாவ அடிக்கறதா இருந்தா நாங்க அடிப்போம். நீ யார்ரா?" என்றார். அதற்குமேல் பேச்சு இல்லை. பலகைகள் எழுந்தன. கான்ட்ராக்டர் ஆட்கள் ஓட இடம் இல்லாமல் களாவுக்குள் பாய்ந்தார்கள். அதைவிட அடியே வாங்கியிருக்கலாம். உள்ளே போனவர்களை நாங்கள்தான் அப்புறம் கிளையைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொருவராக வெளியே எடுத்தோம். சட்டை உள்ளேயே நின்றுவிட்டது. உடம்பு முழுக்கச் சிவப்புக் கோடு. அக்கா ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிக்கொண்டு, "அந்தப் பையனுக்குக் கண்ணுகிட்ட முள்ளு, பார்த்து எடுங்கடா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன்னை அடித்தவனைத்தான் சொன்னார்.

மாற்றுச் சாவி வந்து ஜே.சி.பி. இறங்கிப் போனது. பழைய சாவி இன்றைக்கும் அந்தப் புதருக்குள்தான் இருக்கிறது. வேறு ஆள் வைத்து வீடுகள் வளைந்து வளைந்து எழும்பின. சில இடத்தில் களாவையும் எடுக்க வேண்டித்தான் வந்தது. அப்போதெல்லாம் அக்கா வேறு யாரையும் விடாமல், கட்டுப் போட்ட தோளோடு, தானே அரிவாளால் வெட்டுவார். வெட்டும்போது அந்தச் செடியைத் திட்டிக்கொண்டே வெட்டுவார். அந்த ஐப்பசியில் செல்வி அடுத்த குழந்தையின் தூளியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டினாள். நான் கீழே உட்கார்ந்து ஆட்டினேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அக்காவே எழுந்து வந்து அடிப்பார்.

புதருக்குள் குடிபோனால் புதரில் இருப்பதும் நம் வீட்டுக்கு வரும். ஒரு நாள் செல்வி வாசற்படியில் கண்ணாடி விரியன் படுத்திருந்தது. சின்னப் பேரன் அதற்குக் கைநீட்டும் தூரத்தில் தவழ்ந்துகொண்டிருந்தான். குழந்தையைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு, செல்வி அரிவாளை எடுத்தாள். பாம்பு புதருக்குள் போய்விட்டது. அவள் புதரையே வெட்ட ஆரம்பித்தாள். ஜே.சி.பி. கிழித்து, மறுபடி துளிர்த்து நின்ற அதே களா. யாரோ சொல்லி அக்கா வந்தார். நான் நடுவில் போகவில்லை. ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும்.

"வெட்டாத செல்வி."

"வெட்டுவேன் அத்தை. எம் புள்ளையக் கடிச்சா நீங்க தருவீங்களா புள்ளைய?"

அரிவாள் இன்னும் ஓங்கியபடியே இருந்தது. பாம்புக்காக நான் எடுத்து வைத்திருந்த கழியை அக்கா பிடுங்கிக்கொண்டு, புடவையை வரிந்து கட்டி, புதருக்குள் தவழ்ந்து போனார். உள்ளே தொப்பு தொப்பென்று சத்தம். ரொம்ப நேரம் கழித்து முகமெல்லாம் கீறலோடு வெளியே வந்தார். கழி முனையில் தலை நசுங்கிய விரியன். அதைச் செல்வி காலடியில் போட்டார்.

"இது பாம்பு. இது செடி. பாம்ப அடி. செடிய வுடு."

"நாளைக்கு இன்னொண்ணு வரும்."

"வரட்டும். நானும் வரேன்."

வந்தார். தினமும் காலையில் கழியோடு வந்து புதரைச் சுற்றித் தட்டுவார். செல்வி கொட்டிய குப்பையையும் தேங்காய் மட்டையையும் வழித்துத் தூரப் போட்டுவிட்டு, "எலிக்கு நீ சோறு போடு, பாம்பு வரலன்னா என்னக் கேளு," என்று கத்துவார். செல்வி திருப்பிக் கத்துவாள். அந்தச் சண்டை அக்கா இறந்த வாரம் வரைக்கும் ஓயவில்லை. நடுவில் ஒரு டம்ளர் டீ மட்டும் புதிதாகச் சேர்ந்தது. எடுத்துவைத்த டீ ஆறிப்போனால் அதற்கும் ஒரு சண்டை.

இனி அடக்கத்தன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பாதிப்பேர் அங்கே இருந்தீர்கள். சிலர் அடியும் வாங்கினீர்கள்.

நம் பையன்கள் ஆசைப்பட்டுத் திண்டிவனத்திலிருந்து பூ அலங்கார வண்டி கொண்டுவந்தார்கள். அக்காவை அதில் ஏற்றி, மேளத்தோடு மணல்மேடு வரைக்கும் வந்துவிட்டோம். செல்வி வீட்டைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் சுடுகாட்டுக்குப் போகிற பழைய ஒற்றையடிப் பாதைதான். ரெண்டு பக்கமும் களா. பையன்கள் நாலு பேர் அரிவாளோடு இறங்கினார்கள், ஓரத்தை வெட்டி வழி பண்ண.

செல்வி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் அதே அரிவாள். புதருக்கும் பையன்களுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எவன் கை பட்டாலும் அந்தக் கைய எடுத்துடுவேன்."

"செல்வியக்கா, தலைவரம்மாவுக்கு ஒரு மரியாதைக்காகத்தான்..."

"அவங்களுக்கு எந்தக் காலத்துலடா மரியாத புடிச்சுது?"

குடித்திருந்த ஒருவன் அவளைத் தள்ளினான். என் மாப்பிள்ளை அவனை அடித்தார். அவன் அண்ணன் மாப்பிள்ளையை அடித்தான். அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று எண்ண முடியவில்லை. மாலைகள் பிய்ந்தன. மேளக்காரர்கள் முதலில் நிறுத்தினார்கள். எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தவர்கள்தானே, அப்புறம் வேகமாக அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வண்டி மேல் அக்கா மட்டும் அமைதியாக இருந்தார். அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அவருக்குப் பிடித்த காரியம் நடக்கிறது, எழுந்து கலந்துகொள்ள முடியவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. வண்டிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக யாரையும் சிரிக்க வைக்காமல் பேசினேன். "செத்தவங்களுக்கு இன்னாப்பா அவசரம்?" என்றேன். "ஒத்தையடிப் பாதை போதும்னு சொன்னவங்களே இவங்கதான்டா."

ஓவர்சியரோடு மேட்டை நடந்து பார்த்த அன்றைக்குக் கூட இருந்தவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். ஒருவர், "ஆமா, சொன்னாங்க," என்றார். மேளம் நின்றது. ஓங்கிய கைகள் இறங்கின.

பூ வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூங்கிலில் பாடை கட்டித் தோளில் தூக்கினோம். இடது முன்பக்கம் நான். வலது முன்பக்கம் அந்தக் கரண்ட் ஆபீஸ் தம்பி, கேட்டு வாங்கிக்கொண்டார். பின்னால் மாப்பிள்ளையும், அவரை அடித்த பையனும். பாதை ஒரு ஆளுக்குத்தான். பாடை தூக்கின எங்கள் நாலு பேரில் யாருக்கும் பாதை இல்லை. எல்லாரும் முள்ளுக்குள்தான் நடந்தோம். கை மாற்ற ஆள் வந்தும் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. சட்டைக் கை கிழிந்தது, தோல் கிழிந்தது. முள் பிடித்துக்கொண்ட இடங்களில் ஒரு நொடி நின்று, விடுவித்துக்கொண்டு, அப்புறம்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடிந்தது. களா பூத்திருந்த நேரம். அக்கா மேலும் எங்கள் மேலும் வெள்ளையாகக் கொட்டியது. கடற்கரைச் சுடுகாட்டுக்கு வந்து இறக்கும்போது, எங்கள் ரத்தம் அக்காவின் வெள்ளைத் துணியில் ரெண்டு மூன்று இடத்தில் பட்டிருந்தது. அவர் ரத்தம் இதற்கு முன்னால் எங்கள் துணியில் பட்டிருக்கிறது. சரியாகப் போயிற்று.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்தேன். முன் பல் இருந்த ஓட்டை இருக்கிறது. அதைக் கட்டித் தருகிறேன் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார், நான்தான் ஒப்பவில்லை. குளிர்காற்றுக்கு வலிக்கிற விலா எலும்பு இருக்கிறது. அதெல்லாம் சண்டைச் சொத்து. இப்போது புதிதாக இடது கையில் முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் கோடு கோடாகக் கீறல். ஆறிவருகிறது. உப்புக் காற்று பட்டால் எரிகிறது. மருந்து போட்டால் தழும்பு தெரியாது அப்பா என்கிறாள் செல்வி. அன்றைக்குப் புதரை மறித்து நின்றதில் அவள் கையிலும் இருக்கிறது, அவளும் போடவில்லை. காலையில் கழியை எடுத்துக்கொண்டு புதரைத் தட்டுகிறாள். கத்துவதற்கு ஆள் இல்லாததால் என்னிடம் கத்துகிறாள்.

குத்தியிருக்கிறது, அக்கா. நன்றாகவே குத்தியிருக்கிறது. நாங்கள் இருக்கிறோம்.